பாலத்தில் நின்ற கிழங்கு லாரியும் என் டிபன் பாக்ஸும்

டீசல் வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற பிள்ளைகளே,

நீங்கள் இப்போது ஸ்டீயரிங்குக்குக் கீழே ஓர் ஒயரைச் செருகுகிறீர்கள். வண்டிக்கு எங்கே நோவு என்று திரையில் எழுத்து வருகிறது. பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஆனால் போன மாசம் ஒரு பட்டறையில் உட்கார்ந்திருந்தபோது உங்களில் ஒருவர் திரையைப் பார்த்துவிட்டு வண்டி முதலாளிக்குப் போனில் சொன்னது காதில் விழுந்தது. "சார், வண்டியில ஒண்ணுமே காட்டல. உங்க டிரைவர் பொய் சொல்றாரு."

டீ கிளாஸைப் பாதியில் கீழே வைத்துவிட்டேன். அவரைக் கோபித்துக்கொள்ளவும் மனசு வரவில்லை. அந்த வார்த்தை ஒரு மனுஷனை எங்கே கொண்டுபோய் விடும் என்று அவருக்குத் தெரிய நியாயம் இல்லை. எனக்குத் தெரியும். அதனால்தான் எழுதுகிறேன்.

நான் கள்ளக்குறிச்சியில் துருகம் ரோட்டுப் பக்கம் பம்ப், நாசில் வேலை பார்த்தவன். பள்ளிக்கூடம் எட்டாவதோடு சரி. மின்சார வித்தையெல்லாம் ஒரு ரேடியோ ரிப்பேர்க் கடை வாசலில் நின்று பார்த்துக் கற்றுக்கொண்டது. அந்தக் காலத்து டீசல் இஞ்சினுக்குத் திரையும் கிடையாது, ஒயரும் கிடையாது. பம்ப் டீசலை அழுத்தித் தள்ளும். அது இரும்புக் குழாய் வழியாக நாசிலுக்குப் போகும், நாசில் பீய்ச்சும், உள்ளே வெடிக்கும். ஆறு சிலிண்டர் என்றால் ஆறு குழாய். அதில் எது சோம்பேறி என்று தெரிய, ஓடுகிற இஞ்சினில் ஒவ்வொரு குழாயின் நட்டாகத் தளர்த்திப் பார்ப்போம். தளர்த்தியும் இஞ்சின் சத்தம் மாறாவிட்டால் அதுதான் சோம்பேறி. கை வெந்துபோகும், கண்ணில் டீசல் அடிக்கும். லாரிக்காரர்கள் ஒன்று சொல்வார்கள்: "நாலு பேரு தூக்குற பாடையில எவன் தோள் குடுக்கலன்னு பொணத்துக்குத்தான் தெரியும்."

அந்தப் பிணத்திடமே கேட்டுப் பார்ப்போம் என்றுதான் நான் ஒரு பெட்டி செய்தேன்.

மைக்செட் கடையில் உடைந்து கிடக்கும் ரெக்கார்டு பிளேயரின் கைக்குள் ஒரு சின்ன கிரிஸ்டல் இருக்கும். ஊசி அதிர்ந்தால் அந்த அதிர்வை அது மின்சாரம் ஆக்கிவிடும். பம்ப் தள்ளுகிறபோது இரும்புக் குழாயும் மயிரிழை உப்பி அதிரத்தானே செய்யும், அதை இது பிடிக்காதா என்று ஆசை வந்தது. பிடித்தது. ஆனால் இஞ்சின் சூட்டில் செத்துப்போனது. இன்னொன்று வைத்தேன், அதுவும் செத்தது. அந்தக் கிரிஸ்டல் உப்பு ஜாதி, சூடு ஆகாது. கடைசியில் ஒரு கரண்டிக் காம்பை வெட்டி, ஒரு முனையைக் குழாயில் கவ்வ வைத்து, மறுமுனையில், சூடு எட்டாத தூரத்தில், கிரிஸ்டலை ஒட்டினேன். பாக்கெட் ரேடியோவிலிருந்து பிரித்த பலகை ஒன்று அந்தச் சின்னத் துடிப்பைப் பெரிதாக்கியது. மைக்செட் ஆம்ப்ளிஃபயரில் பாட்டுக்கு ஆடுகிற முள் ஒன்று இருக்குமே, அதைக் கழற்றி முன்னால் வைத்தேன். எல்லாவற்றையும் ஓர் எவர்சில்வர் டிபன் பாக்ஸுக்குள் அடைத்தேன். நல்ல குழாயில் மாட்டினால் முள் துள்ளும். சோம்பேறிக் குழாயில் மாட்டினால் முனகும்.

டிரைவர்கள் நம்பவேண்டும் என்று முள்ளுக்குப் பின்னால் இருந்த அட்டையில் முனகுகிற பாதிக்குச் சிவப்பு, துள்ளுகிற பாதிக்குப் பச்சை அடித்தேன். நன்றாகவே நம்பினார்கள். "ஜோசியப் பொட்டி" என்று பெயர் வைத்தார்கள். ஒருவர் அதன் நெற்றியில் விபூதி பூசினார். இன்னொருவர், "அண்ணே, இத எம் பொண்டாட்டி கையில ஒருவாட்டி மாட்டுங்க, மனசுல இன்னா கீதுன்னு தெரியட்டும்" என்றார். ரேடியோ கடைக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நல்லாத்தான் செஞ்சிருக்க. ஆனா இது காதுய்யா, வாய் இல்ல. கேட்டத நீதான் சொல்லணும். பாத்துச் சொல்லு."

இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் ஜில்லா எழுந்து நின்ற வருஷங்கள் அவை. அதில் ஒருதரம் வாரம் முழுக்க மறியல். ரோட்டோரத்துப் புளியமரங்களை அறுத்துக் குறுக்கே தள்ளினார்கள். உளுந்தூர்பேட்டையில் லாரிகள் கண்ணுக்கெட்டிய தூரம் நின்றன. பஸ் இல்லை, டீசல் இல்லை, டீக்கடைக்குப் பால் இல்லை. கேட்டவர்களின் ஏக்கத்தை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். படித்துவிட்டு மாட்டின் பின்னால் போன பிள்ளைகளின் வீடுகளை எனக்குத் தெரியும். அதே நாட்களில் சில காலனிகளில் கூரைகளும் எரிந்தன. அதையும் நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஊர் ரெண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். அந்த வாரம் கூத்தாடியும் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள்தான் கிடந்தான்.

தனபால் என்று ஒரு லாரி டிரைவர். கல்வராயன் மலையிலிருந்து மரவள்ளிக் கிழங்கு ஏற்றி ஜவ்வரிசி மில்லுக்குக் கொண்டுபோவார். போராடிய ஜனத்தைச் சேர்ந்தவர். கூட்டத்துக்குப் போவார், அதை ஒளிக்கவும் மாட்டார். "எந் தம்பி பி.ஏ. படிச்சிட்டு களத்துல நெல்லு தூத்திக்கினு இருக்கான். நான் போவாம வேற யாருண்ணே போவா?" என்று என்னிடமே கேட்டிருக்கிறார்.

மறியல் தொடங்கியபோது அவர் லோடு ஏற்றிக்கொண்டு மலைமேல் இருந்தார். பிடுங்கின கிழங்கு காத்திருக்காது, உள்ளே கறுத்துவிடும். கீழே ரோடு திறந்திருக்கிறது என்று யாரோ சொல்ல, டேங்கில் இருந்த கொஞ்ச டீசலோடு இறங்கிவிட்டார். கச்சிராயபாளையம் தாண்டிக் குறுகலான ஓர் ஆற்றுப்பாலம். அந்தப் பாலத்தின் நடுவில் வண்டி நின்றுபோனது. மாட்டுவண்டிகூட ஒதுங்கிப் போகமுடியாத பாலம். பக்கத்தில் மரம் அறுத்துக்கொண்டிருந்தவர்களுக்கு வேலை மிச்சம். கைதட்டினார்கள். "தனபாலு, சரியான எடத்துலதாண்டா நிறுத்தன!" என்று ஒருவன் கத்தினான்.

அந்த ஒரு பாராட்டுதான் அவரைக் கெடுத்தது. பின்னாலேயே வந்த போலீஸ் காதில் அது விழுந்துவிட்டது. அவரை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார்கள். லாரியை யாரோ பாலத்துக்கு அந்தப்புறம் ஓரங்கட்டினார்கள்.

மறுநாள் காலையில் லாரி முதலாளி என் பட்டறைக்கு வந்தார். நல்ல மனுஷன்தான். கண் சிவந்திருந்தது.

"யோவ், அந்த டிபன் பாக்ஸ எடுத்துக்கினு வா. வண்டி தானா நின்னுதுன்னா டிரைவர வுட்டுடறேன்றாரு இன்ஸ்பெக்டர். அவன் நிறுத்தினான்னா என்னை எழுதிக் குடுக்கச் சொல்றாரு. எழுதிக் குடுத்தா கடலூர் ஜெயிலு."

"நீங்க இன்னா நெனக்கிறீங்க மொதலாளி?"

"நான் இன்னாத்த நெனக்கிறது? கூட்டத்துக்குப் போறவன். கெழங்கு நாறுது. உம் பொட்டி ரிப்பேர்னு சொல்லட்டும், நானே போயி அவனக் கூட்டியாறேன். சத்தியமா."

அவர் மோட்டார் சைக்கிளில், வெட்டிப்போட்ட மரங்களைச் சுற்றிச் சுற்றிப் போய்ச் சேர்ந்தோம். தூரத்திலேயே புளித்த வாடை. காவலுக்கு ஒரு கான்ஸ்டபிள், வேடிக்கை பார்க்கக் கொஞ்சம் ஜனம். சாவியைத் திருகினேன். வண்டி முதல் சுற்றிலேயே பிடித்துக்கொண்டது. தனபாலுக்கு அது நல்ல சேதி இல்லை.

கரண்டிக் காம்பை முதல் குழாயில் கவ்வ வைத்தேன். முதலாளி என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். "பச்ச," என்றார். அடுத்த குழாய். "பச்ச," என்றார் கான்ஸ்டபிள். பிறகு ஜனமே சேர்ந்து சொல்ல ஆரம்பித்துவிட்டது, திருவிழாவில் ஏலம் விடுகிற மாதிரி. ஆறு குழாயும் பச்சை.

முதலாளியின் முகம் விழுந்துவிட்டது. அவர் வேறு பதிலுக்குத்தான் ஆசைப்பட்டிருந்தார் என்று அப்போது தெரிந்தது. "வண்டில ஒண்ணும் கெடையாது. பொட்டியே சொல்லிடுச்சு," என்றார்.

"மொதலாளி, பொட்டி இப்ப இருக்கறதத்தான் சொல்லுது. நேத்து நின்னப்ப இன்னா இருந்துதுன்னு அதுக்குத் தெரியாது."

"நேத்து இருந்த நோவு இன்னிக்கு எங்க போச்சு? திருப்பதிக்குப் போயி மொட்ட போட்டுக்கினு வந்துச்சா?"

ஜனம் சிரித்தது. நான் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு இஞ்சினைக் கண்ணால் பார்த்தேன். மலை இறங்கி வந்த வண்டி, மேலெல்லாம் செம்மண் புழுதி. ஆனால் டீசல் பில்டரின் தலையில், காற்றை வெளியேற்றுகிற திருகைச் சுற்றி மட்டும் கழுவிவிட்ட மாதிரி சுத்தம். டீசல் வழிந்த ஈரம் இன்னும் காயவில்லை. திருகில் ஸ்பானர் பட்ட புதுக் கீறல். டேங்கில் குச்சி விட்டுப் பார்த்தேன். அந்தப் பஞ்சத்தில் மலையிலிருந்து இறங்கி வந்தவனிடம் இருக்கக்கூடிய டீசலைவிட ஜாஸ்தி இருந்தது.

உங்களுக்குப் புரிந்திருக்கும். டீசல் கம்மியாக இருக்கும்போது மலை இறக்கத்தில், வளைவுக்கு வளைவு அது ஒரு பக்கமாக ஒதுங்கும். உறிஞ்சுகிற குழாய் டீசலுக்குப் பதில் காற்றைக் குடித்துவிடும். கொஞ்ச தூரம் ஓடி இஞ்சின் நின்றுபோகும். அதற்குப் பிறகு ஒருவர் டீசல் ஊற்றி, திருகைத் தளர்த்திக் காற்றை எடுத்துவிட்டால் நோவு போன சுவடே இருக்காது. ஆறு குழாயும் துள்ளும்.

"ஓரங்கட்டினது யாருங்க?" என்று கான்ஸ்டபிளைக் கேட்டேன்.

"காலனில ஒரு டிராக்டர் டிரைவர், சின்னப்பன். அவனக் கூட்டியாந்து எடுக்கச் சொன்னோம். இன்னா பண்ணான்னு யாரு பாத்தா? நாங்க மரம் இழுத்துக்கினு இருந்தோம்."

முதலாளி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "மத்தியானம் கடலூர் வேன் கெளம்பிடும். அதுக்குள்ள அவனக் கொண்டா, பாக்கலாம்."

டீக்கடையில் ஒரு சைக்கிளை இரவல் வாங்கி, பெட்டியை ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு போனேன். காலனியில் ஒரு வரிசைக்குக் கூரை இல்லை. சுவர்கள் மட்டும் கறுத்து நின்றன. சின்னப்பன் தன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி முறத்தில் கரிந்த கம்புத் தானியத்தைக் கொட்டி நல்லதைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

விஷயத்தைச் சொன்னதும் சின்னப்பன் தலையாட்டினார். "டேங்க் வத்திக் கெடந்துதுங்க. டிராக்டருக்கு வச்சிருந்த கேன ஊத்தி, ஏர் எடுத்துதான் ஸ்டார்ட் பண்ணேன். இல்லன்னா அது எப்டி நவுறும்?"

"அத ஸ்டேஷன்ல வந்து சொல்லணும்."

"யாருக்கோசரம்?" என்று கேட்டது அவர் மனைவி. தலை நிமிரவில்லை.

சொன்னேன்.

"நல்லா கீது கத. எங்க வூட்டக் கொளுத்துவாங்க, அவுங்க வூட்டுப் புள்ளய நாங்க போயி வெளிய கொண்டாரணும்."

"தனபால் கொளுத்தலம்மா. அன்னிக்கு அவரு மலைமேல இருந்தாரு."

"அவுரு கொளுத்தல. கொளுத்துனவரு நாளைக்கு அவுரு பக்கத்துல குந்திக்கினு டீ குடிப்பாரு, அப்ப அவுரு எழுந்து போவாரா? கேட்டுச் சொல்லுங்க."

பிள்ளைகளே, இந்த வேலையில் ஸ்பானரால் எட்டமுடியாத இடங்கள் உண்டு. அங்கே வாயைத் திறக்காமல் நிற்கக் கற்றுக்கொள்ளுங்கள். நான் நின்றேன். போகலாம் என்று திரும்பினபோது சின்னப்பன் எழுந்தார்.

"நீ சொல்றது சரிதான்," என்றார் மனைவியிடம். "ஆனா அந்த வண்டி நெசமாத்தான் நின்னுச்சு. எங்கையில ஏர் புஸ்ஸுன்னு வந்துச்சு. நான் சொல்லலன்னா அது பொய்யாப் பூடும். வூடு போச்சு. வாயும் போவணுமா?"

தொட்டித் தண்ணீரில் முகம் கழுவி, கொடியில் கிடந்த சட்டையை மாட்டிக்கொண்டு என் கேரியரில் ஏறினார். அந்த அம்மா மறுபடி கம்பைப் பொறுக்க ஆரம்பித்தார்.

ஸ்டேஷன் வாசலில் வேன் நின்றது. தனபாலின் உறவுக்காரர்கள் ஓரமாகக் கூடியிருந்தார்கள். நாங்கள் இறங்கினதும் ஒரு பெரியவர் சின்னப்பனை மேலும் கீழும் பார்த்தார்.

"யார்ரா நீ? எந்தத் தெருவு?"

"காலனிங்க. லாரிய நகத்துனது நான்தான். சாட்சி சொல்ல வந்தேங்க."

"ஓ." பெரியவர் என் பக்கம் திரும்பினார். "இவன் சொல்லித்தான் எங்க புள்ள வெளிய வரணுமாய்யா? வேற ஆளே கெடைக்கலியா ஒனக்கு? அதுக்கு அவன் ஜெயிலுக்கே போவட்டும், கௌரவமா போவட்டும்."

உள்ளே ஜன்னல் கம்பிக்குப் பின்னாலிருந்து தனபால் இதைக் கேட்டுவிட்டார். "மாமா, சும்மா இருங்க மாமா! அண்ணே, வந்துட்டீங்களா அண்ணே, சொல்லுங்கண்ணே!" அவர் அழைத்தது என்னை இல்லை, சின்னப்பனை. பெரியவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இன்ஸ்பெக்டர் பல நாள் தூங்காத மனுஷன். சின்னப்பனை நிற்கவைத்தே கேட்டார். டேங்க் வற்றினது, கேன் ஊற்றினது, காற்று வந்தது, எல்லாவற்றையும் சின்னப்பன் ஒழுங்காகச் சொன்னார்.

"நீ ஊத்துனத யாரு பாத்தது?"

"யாரும் பாக்கலீங்க."

இன்ஸ்பெக்டர் முதலாளியைப் பார்த்தார். முதலாளி என்னைப் பார்த்தார், சின்னப்பனைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். "பொட்டில ஆறும் பச்சைங்க. எங் கண்ணால பாத்தேன். கான்ஸ்டபிளும் பாத்தாரு."

"அந்தப் பொட்டிய செஞ்சவனே நான்தாங்க ஐயா," என்றேன். "நானே சொல்றேன், நேத்து நடந்தது அதுக்குத் தெரியாது. அங்க இருந்தது இவரு. ஏர் எடுத்தது இவரு கை."

"நீங்க ரெண்டு பேரும் மனுசங்க. ஆளுக்குத் தக்க மாதிரி பேசுவீங்க. அது மெஷினு." அவர் காகிதத்தை முதலாளி பக்கம் நகர்த்தினார்.

முதலாளி கையெழுத்துப் போட்டார். பேனாவை மூட மறந்து சட்டைப்பையில் செருக, மை பரவியது. தனபாலை வேனில் ஏற்றினார்கள். உறவுக்காரர்கள் கோஷம் போட்டார்கள். தியாகியை அனுப்புகிற மாதிரி அனுப்பினார்கள். வண்டி தானாக நின்றது என்று அதில் ஒரு குரல்கூடச் சொல்லவில்லை. அவர் செய்யாத காரியத்துக்கு ஒரு பக்கம் தண்டித்தது, மறுபக்கம் மாலை போட்டது.

பல மாசம் கழித்துத்தான் தனபால் வெளியே வந்தார். நடுரோட்டில் வண்டியை நிறுத்துகிற ஆள் என்று எந்த முதலாளியும் லாரி கொடுக்கவில்லை. கடைசியில் எலவனாசூர்கோட்டைப் பக்கம் மூட்டை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தார். ஸ்டீயரிங் பிடித்த கை. ஒருதரம் வழியில் பார்த்தபோது, "நல்லா இருக்கீங்களாண்ணே?" என்று சிரித்தார். என்மேல் அவருக்குக் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

அந்தப் பெட்டியை நான் தூக்கிப்போடவில்லை. அதற்குப் பிறகும் எத்தனையோ இஞ்சினின் நோவைச் சரியாகத்தான் சொன்னது. ஆனால் மாட்டுவதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்காமல் நான் மாட்டியதில்லை: எனக்கு முன்னால் இதில் கை வைத்தது யார்? நீங்களும் கேளுங்கள். திரையில் ஒன்றும் வராவிட்டால், "இப்போது ஒன்றும் காட்டவில்லை" என்று மட்டும் சொல்லுங்கள். அந்த "இப்போது" என்கிற வார்த்தையை விழுங்கிவிடாதீர்கள். டிரைவர் பொய் சொல்கிறார் என்று எந்தக் கருவியும் சொன்னது கிடையாது. அதைச் சொல்வது நாம்தான்.

அன்று வேன் போன பிறகு சின்னப்பனைக் கேரியரில் ஏற்றிக்கொண்டு திரும்பினேன். வழியில் ஒரு புளியமரம் ரோட்டை மறித்துக் கிடந்தது. சைக்கிளை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கி அந்தப்புறம் இறக்கினோம். மூச்சு வாங்க நின்றபோது சின்னப்பன் பெட்டியைக் கேட்டு வாங்கினார். மூடியைத் திறந்து கரண்டிக் காம்பை, முள்ளை, ஒயர்களை எல்லாம் மெதுவாகப் பார்த்தார்.

"இது எந்தத் தெருவுங்க?" என்றார். 

எனக்குப் புரியவில்லை.

"இல்ல, இது சொன்னத இன்ஸ்பெக்டர் கேக்கறாரு, மொதலாளி கேக்கறாரு, வாசல்ல நின்னவங்களும் கேக்கறாங்க. அதான் கேட்டேன், இது எந்தத் தெருவு?"

"இதுக்கு ஏதுங்க தெரு?"

"அதான்," என்றார்.

மூடியை நன்றாக அழுத்தி மூடி என் கையில் கொடுத்தார். "நீங்க போங்க, நான் நடந்தே பூடறேன்," என்று சொல்லிவிட்டு, வயல் வரப்பில் இறங்கி, கூரை இல்லாத அந்தச் சுவர்களைப் பார்த்து நடந்தார்.